மீட்டாவா, நாட்டு வெற்றிலையா?

வண்ணாரப்பேட்டை வீட்டில் ஆயாவுக்கு இரும்பு உரலில் வெற்றிலை இடித்துக் கொடுப்பது என் வேலை. ஒருநாள் கடையில் நாட்டு வெற்றிலை வாடிக் கிடந்தது. சவுகார்பேட்டைப் பக்கம் போனவன், பீடாவுக்குப் போடும் மீட்டா வெற்றிலையில் பத்து வாங்கிவந்தேன். காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கோடு வழக்கம்போலத்தான் இடித்தேன். ஒரு வாய் மென்றதும் ஆயாவுக்கு முகம் சுளித்தது. "இன்னாடா இது, சோம்பு துன்ன மாதிரி கீது!"

ஆயாவின் நாக்கு பொய் சொல்லவில்லை. மீட்டா இலையின் வாசனை எண்ணெயில் அனித்தோல் என்ற பொருள் இருக்கிறது. சோம்பு மணப்பதும் அதனால்தான். நாட்டு ரகங்களின் காரம் ஃபீனால் என்ற வேதிப்பொருள் குடும்பத்தது: கிராம்பில் இருக்கும் யூஜினால், அதே அணுக்கள் கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்த சாவிபெட்டால்.

சுண்ணாம்பில்தான் இரண்டும் பிரிகின்றன. ஃபீனாலுக்கு லேசான அமிலத்தன்மை உண்டு. சுண்ணாம்பு பட்டதும் அதில் ஒரு பங்கு உப்பாக மாறும், நாக்கைக் கடிக்கும் காரம் அடங்கும். தடவும் அளவை வைத்தே காரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அனித்தோல் சுண்ணாம்புக்கு மசியாது. எவ்வளவு தடவினாலும் அந்தச் சோம்பு வாசனை அப்படியே நிற்கும். குல்கந்துக்கு அது பொருத்தம், பாக்குக்குப் பொருந்தாது.

கல்கத்தா பக்கத்து பங்களா ரகமும் பீடாக் கடைகளில் உண்டு. இலை தடிப்பு, யூஜினால் தூக்கல். எனக்கு அது கிராம்பையே மெல்வது போல. கற்பூரி மெல்லிசு, சாது. தாம்பூலத் தட்டுக்கு அழகு.

மண்ணும் பருவமும் இலையின் வயதும் எண்ணெயின் அளவை மாற்றும். ஆனால் மீட்டா நாட்டு வெற்றிலையாகிவிடாது. கொடிக்காலில் அகத்தியைப் பற்றுவேரால் பிடித்து ஏறும் இந்த மிளகுச் சொந்தத்தை விதை போட்டு வளர்ப்பதில்லை. தண்டை வெட்டித்தான் நடுகிறார்கள். தாய்க்கொடியின் வாசனை பிள்ளைக்கும் வந்துவிடும். சோழவந்தான், தூத்துக்குடிப் பக்கத்து ஆத்தூர் வெற்றிலைகளுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

வாங்கும்போது பச்சையையும் பளபளப்பையும் பார்த்து ஏமாறாதீர்கள். ஓரத்தைக் கிள்ளிக் கசக்கி மூக்கருகே வையுங்கள். கிராம்பா, சோம்பா என்பது அங்கேயே தெரிந்துவிடும். தினமும் பாக்கு, சுண்ணாம்போடு போடுகிறவருக்கு நாட்டு வெற்றிலைதான்.

மீதி எட்டு மீட்டாவையும் குல்கந்து வைத்து நானும் தங்கச்சியும் தின்று தீர்த்தோம். ஆயா மறுநாள் வரை வெறும் பாக்கைத்தான் மென்றார்.