கார் ஷெட் ஷட்டருக்கு மோட்டார்: மூன்று வருடம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

மதுரை மூன்றுமாவடிப் பக்கம், அழகர்கோவில் ரோட்டிலிருந்து பிரியும் தெருவில் எங்கள் வீடு. கார் ஷெட்டுக்கு 10 அடி அகலம், 8 அடி உயரத்தில் இரும்பு ரோலிங் ஷட்டர். அப்பா இருந்தவரை கம்பியை மாட்டி அவரே ஏற்றி இறக்குவார். அவருக்குப் பிறகு அம்மாவால் முடியவில்லை, மனைவிக்கு முதுகு வலி. அதனால் 2022 ஆவணியில் மோட்டார் போட்டோம். பக்கவாட்டில் மாட்டும், 600 கிலோ வரை தூக்கும் வகை, கைச்செயின் உள்ளது. மோட்டார், ரிமோட், கூலி எல்லாம் சேர்த்து 19,000 ரூபாய் ஆனது. போனிலும் திறக்க வேண்டும் என்று ஒரு வைஃபை ரிலே போர்டை (போனில் சொன்னால் சுவிட்ச் மாதிரி இணைத்து விடும் போர்டு) நானே வாங்கி இணைத்தேன்.

இப்போது அக்கம்பக்கத்தில் யாராவது மோட்டார் போடப் போவதாகச் சொன்னால், முதலில் நான் கேட்பது ஒன்றுதான்: மூடும்போது கீழே ஆள் நின்றால் உங்கள் ஷட்டர் என்ன செய்யும்?

மாட்டிய புதிதில் எங்கள் ஷட்டர் நிற்காது, இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அது 80 கிலோவுக்கு மேல் எடை. இந்த வகை மோட்டாருக்குக் கீழே எது மாட்டினாலும் தெரியாது. மேலே உருளை சுற்றிக்கொண்டே இருக்கும், பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கி, மொத்த எடையும் அகப்பட்டதன் மேல் உட்காரும். அமெரிக்காவில் 1993 ஜனவரியிலிருந்து தயாராகும் வீட்டுக் காரேஜ் கதவு மோட்டார்களில், ஆள் மாட்டிக்கொள்ளாமல் தடுக்கும் சென்சார் போன்ற கூடுதல் ஏற்பாடு சட்டப்படி கட்டாயம். நான் வாங்கிய மோட்டாரோடு அப்படி எதுவும் வரவில்லை. வேண்டுமா என்று கடையில் கேட்கவும் இல்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

மாட்டிய மூன்றாவது வாரம் தெரிந்துகொண்டேன். விடியற்காலை கரண்ட் போய் வந்தது. வந்த நொடியில் ரிலே ஒரு முறை 'டிக்' என்று அடித்தது, ஷட்டர் இறங்க ஆரம்பித்துவிட்டது. யாரும் எதையும் அழுத்தவில்லை. மாடி வீட்டுத் தம்பியின் ஸ்கூட்டர், முன் சக்கரம் உள்ளேயும் பின் சக்கரம் வெளியேயுமாக வாசற்படியில் நின்றது. நான் ஓடி வந்து பார்க்கும்போது அடிப்பட்டை சீட்டின் மேல் அழுந்தி, மேலே பட்டைகள் வயிறு புடைத்த மாதிரி வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. அரை மணி நேரம் கழித்து என்றால் அதே இடத்தில் அம்மா குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருப்பார். அன்றைக்கே அந்தப் போர்டைக் கழற்றி வைத்தேன்.

காரணம் இதுதான். சில ரிலே போர்டுகள் உயிர் பெறும் நேரத்தில் ரிலேக்குக் கட்டளை தரும் பின்கள் ஒரு கணம் தாறுமாறாக இருக்கும், ரிலே தானாக ஒட்டி விடும். வேறு சில, கரண்ட் போகும்போது என்ன நிலையில் இருந்தனவோ அதே நிலைக்குத் திரும்பும். விளக்குக்கு அது வசதி, ஷட்டருக்கு ஆபத்து. புதிதாக ஈஎஸ்பி32 என்ற வைஃபை போர்டில் ஈஎஸ்பிஹோம் மென்பொருளைப் போட்டபோது, எழுந்ததும் ரிலே எப்போதும் ஆஃப், அரை விநாடி ஒட்டி விடுவது மட்டும்தான் வேலை, ஏற்றும் ரிலேயும் இறக்கும் ரிலேயும் ஒருசேர ஒட்டவே கூடாது என்று அமைத்தேன். அமைத்துவிட்டு நம்பிவிடவில்லை. மோட்டார் ஒயரைக் கழற்றி வைத்து, மெயின் சுவிட்சை முப்பது தடவை போட்டு அணைத்து, ரிலே சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்ட பிறகுதான் இணைத்தேன்.

அடுத்து ஒளிக்கதிர் சென்சார். ஒரு பக்கம் அனுப்பும், எதிர்ப்பக்கம் வாங்கும், நடுவே எது வந்தாலும் ஷட்டர் நிற்க வேண்டும். டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஜோடி வாங்கித் தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் மாட்டினோம். பார்த்துவிடுவோம் என்று அந்த ஸ்கூட்டரையே பழையபடி வாசற்படியில் நிறுத்தச் சொன்னேன். கதிர் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே, கால் வைக்கும் பலகைக்கு அடியில் நுழைந்து எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. சென்சாரில் பச்சை விளக்கு, பாதை காலி என்கிறது. எனக்கு உடம்பு ஆடிப்போனது. இரண்டடி உயரத்தில் இன்னொரு ஜோடி போட்ட பிறகுதான் ஸ்கூட்டரும் சிக்கியது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கார் பம்பரும் சிக்கியது. ஒரு ஜோடி போதும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து உங்கள் வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

சென்சாரை எங்கே இணைப்பது என்பதில் எலக்ட்ரீஷியன் அண்ணன் பிடிவாதமாக இருந்தார். நான் அதன் ஒயரை ஈஎஸ்பி போர்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தேன். "தம்பி, உங்க போர்டு தூங்கிருச்சுன்னா?" என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஷட்டரை இறக்கும் கான்டாக்டரின் (மோட்டாருக்குக் கரண்ட் விடும் பெரிய மின் சுவிட்ச்) காயிலுக்குப் போகும் ஒயரையே வெட்டி, இரண்டு சென்சார்களின் வழியாக விட்டார். கதிர் தடையில்லாமல் இருந்தால் மட்டும் அந்த ஒயர் சேர்ந்திருக்கும். யாராவது குறுக்கே வந்தாலும், எலி ஒயரைக் கடித்தாலும், சென்சாருக்குக் கரண்ட் போனாலும் இறங்காது. போன், ரிமோட், சுவர் பட்டன், எதில் அழுத்தினாலும் இதே கதிதான். போர்டு கூடுதலாகச் செய்வது ஒன்று: மூடும்போது கதிர் மறைந்தால் ஒரு விநாடி நின்று மறுபடி மேலே ஏற்றிவிடும்.

எங்கள் ஷெட் மேற்கு பார்த்தது. மாலை ஐந்து மணிக்கு மேல் சாய்ந்து வரும் வெயில் வாங்கும் சென்சாரின் கண்ணில் விழுந்து, ஷட்டர் மூட மறுத்தது. இரண்டு பக்கத்தையும் இடம் மாற்றி, வாங்கும் கண்ணை வெயில் படாத பக்கம் வைத்து, ஒரு துண்டு பிவிசி பைப்பைத் தொப்பி மாதிரி மாட்டியதும் சரியானது. அப்புறம் சிலந்தி. வாரம் ஒரு முறை துணியால் துடைக்காவிட்டால் அந்தக் குழாய்க்குள் வலை கட்டிவிடும். ஐப்பசி மழையில் ஈசல் கிளம்பும் இரவுகளில் மூடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆனால் பழுதென்றால் மூடாமல் நிற்கிற பழுது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு செய்தும் அம்மா திருப்திப்படவில்லை. "ஏப்பா, அண்ணாந்து பாத்துக்கிட்டே கோலம் போட முடியுமா?" என்றார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பஸ்ஸரும் சுழல் விளக்கும் மாட்டினேன். போனிலோ ரிமோட்டிலோ மூடச் சொன்னால் 8 விநாடி சத்தம் போட்டு, விளக்கு சுற்றி, அதன் பிறகே ஷட்டர் அசையும். ஆள் பார்க்காமல் மூடும் கதவு, அசைவதற்கு முன் குறைந்தது 5 விநாடி ஒலியாலும் ஒளியாலும் எச்சரிக்க வேண்டும் என்று அமெரிக்காவின் யூஎல் 325 தரவிதி சொல்கிறது. அம்மா எழுந்து நகர 5 விநாடி போதாது, அதனால் எட்டு.

பத்து நிமிடம் திறந்திருந்தால் தானாக மூடிக்கொள்ளும் வசதியும் முதல் வருடம் வைத்திருந்தேன். சித்திரைத் திருவிழாவில் அதை எடுத்துவிட்டேன். அழகர் மலையிலிருந்து இறங்கி வரும்போது அவரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை எங்கள் மூன்றுமாவடியில்தான். வருடா வருடம் ஷெட்டைத் திறந்து, காரை வேறெங்காவது விட்டுவிட்டு, மோர்ப் பானை வைப்போம். கால் வலிக்க நடந்து வந்த சனங்கள் நிழலுக்கு உள்ளே உட்காருவார்கள். மேலூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருவர் வாசற்படி உயரமாக இருக்கிறதென்று அதையே தலையணையாக வைத்துப் படுத்திருந்தார். ஷட்டர் விழும் கோட்டுக்கு நேர் கீழே அவர் கழுத்து. சென்சார் இருக்கிறது, பஸ்ஸர் இருக்கிறது, எல்லாம் தெரியும். இருந்தாலும் ஓடிப்போய் மோட்டாருக்குக் கரண்ட் போகும் எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது. அன்றிலிருந்து தானாக மூடுவது கிடையாது. இரவு ஒன்பதரைக்கு ஷட்டர் திறந்திருந்தால் ஹாலில் உள்ள ஸ்பீக்கர் சொல்லும், யாராவது போய்ப் பார்த்து மூடுவோம். வீட்டுக்கு வெளியிலிருந்து மூடும் பட்டனையும் போனிலிருந்து எடுத்துவிட்டேன். இதுவரை இரண்டு தடவைதான் அது தேவைப்பட்டது. இரண்டு தடவையும் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

மூடியிருக்கிறதா என்பதையும் போர்டு ஊகிக்கக் கூடாது. முதலில் வைத்திருந்த ஆப், மூடச் சொன்னவுடன் 'மூடியது' என்று காட்டிவிடும். ஒருநாள் ஒரு அடி இடைவெளியோடு இரவு முழுக்க நின்றிருக்கிறது. இப்போது அடிப்பட்டையில் காந்தம், தரையில் அதை உணரும் சுவிட்ச். கதவு ஜன்னலுக்கு ஒட்டும் சிறிய வகையைப் போட்டதில் ஆடிக் காற்றில் ஷட்டர் தடதடக்கும் போதெல்லாம் 'திறந்தது, மூடியது' என்று ராத்திரி பூராவும் செய்தி. ஷட்டருக்கென்றே வரும், இடைவெளி அதிகம் தாங்கும் பெரிய வகைக்கு மாறி, மூன்று விநாடி நிலையாக இருந்தால்தான் கணக்கு என்று வைத்ததும் அடங்கியது.

ரிமோட் பற்றி ஒன்று. மோட்டாரோடு வந்தது எப்போதும் ஒரே குறியீட்டை அனுப்பும் 433 மெகாஹெர்ட்ஸ் வகை. கூடுதலாக ஒன்று வேண்டுமென்று கடைக்குப் போனேன், இரண்டே நிமிடத்தில் நகல் எடுத்துத் தந்தார்கள். என் ரிமோட்டை இரண்டு நிமிடம் கையில் வைத்திருக்கும் யாரும் அதைச் செய்யலாம் என்று அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறும் ரோலிங் கோடு ரிசீவராக மாற்றினேன். இணையப் பக்கத்திலும் அதே கவனம்தான். நெக்ஸ் என்ற நிறுவனத்தின் காரேஜ் கருவிகளில் எல்லாவற்றுக்கும் பொதுவான கடவுச்சொல் உள்ளேயே இருந்ததால், அயலார் கதவைத் திறக்க முடியும் என்று அமெரிக்க சைபர் பாதுகாப்பு முகமை சிசா 2023 ஏப்ரலில் எச்சரித்தது. எங்கள் போர்டு வீட்டிலுள்ள ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் ஓடும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளோடு மட்டும் பேசும். வெளியிலிருந்து பார்க்க விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு. நெட் இல்லாவிட்டாலும் வீட்டுக்குள் எல்லாம் வேலை செய்கிறது.

மாதாந்திர மின்தடை நாளில் கைச்செயின்தான். மாட்டியவர் அதை எட்டாத உயரத்தில் சுருட்டிக் கட்டியிருந்தார், மனைவிக்கு எட்டும்படி இறக்கினோம். செயினைத் தொடும் முன் எம்சிபியை அணைக்க வேண்டும், பாதியில் கரண்ட் வந்தால் கை போய்விடும் என்று வீட்டில் எல்லோருக்கும் செய்து காட்டியிருக்கிறேன். ஷட்டர் ஏறும்போது அடிப்பட்டையைப் பிடித்துத் தொங்கக் கூடாது என்பது மகளுக்குத் தனியாக.

மூன்று வருடத்தில் மோட்டார் பழுதாகவில்லை. ஒரே ஒரு நாள் விருந்தாளிகள் வந்து போய் அடுத்தடுத்து ஏற்றி இறக்கியதில் சூடாகி நின்றது, அரை மணி நேரத்தில் சூடு ஆறியதும் பழையபடி வேலை செய்தது. பக்கத் தண்டவாளத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிரீஸ். மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு அட்டைப் பெட்டியை வாசற்படியில் வைத்து மூடிப் பார்ப்பேன், பிறகு அதையே இரண்டடி உயரத்தில் பிடித்து இன்னொரு தடவை. அம்மா பக்கத்தில் நின்று பார்ப்பார்.

பாக்கி இருப்பது அடிப்பட்டையில் ஒட்டும் ரப்பர் சேஃப்டி எட்ஜ், தொட்டவுடன் நிறுத்தும் வகை. இரண்டு கதிர்களுக்கும் நடுவில் சின்னக் கை நுழைந்தால் அதுதான் காப்பாற்றும். விலை கேட்டு வைத்திருக்கிறேன், சித்திரைக்கு முன்னால் மாட்டிவிட வேண்டும்.