ஒளிக்கசிவு: டார்ச்சா, பேப்பரா, ரோலா?

பழைய ஃபிலிம் காமிராவில் இடுக்கு வழியே ஒளி கசிந்து ஃபிலிமில் கறை விழுந்தால், எங்கிருந்து என்று பிடிக்க மூன்று வழி உண்டு. இருட்டில் டார்ச் வைத்துப் பார்க்கலாம். உள்ளே போட்டோ பேப்பர் துண்டைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஃபிலிம் ரோலையே அதற்கென்று செலவழிக்கலாம். இன்றைய ரோல் விலைக்கு மூன்றாவது வழி கசக்கத்தான் செய்யும். ஆனாலும் 35 மி.மீ. காமிராவுக்கு நான் சொல்வது அதைத்தான்.

டார்ச்சுக்குச் செட்டிநாட்டு வீடுகள் தோதானவை. வளவு எனும் உள்முற்றத்தை ஒட்டிய உள்ளறைக் கதவைச் சாத்தினால் பகலிலேயே இருட்டு கிடைக்கும். லென்ஸ் வழியாக ஒளி அடித்துப் பயனில்லை, ஃபிலிமை அழுத்தும் தட்டு பெரும்பகுதியை மறைத்துவிடும். பட்டன் செல் எல்.இ.டி. விளக்கு ஒன்றை, ஃபிலிம் கேசட் உட்காரும் குழியில் வைத்துப் பின்கதவை மூடி, கால் மணி நேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்கிய பிறகு விளிம்புகளைப் பார்க்க வேண்டும். செலவே இல்லை. ஆனால் கதவு பொருந்தும் பள்ளங்களில் ஒளி வளைந்து, சிதறித்தான் வருகிறது. கண் பார்ப்பது அந்த நொடியை மட்டும். கானாடுகாத்தான் தெருக்களில் கழுத்தில் தொங்கும் காமிராவில், இரண்டு படங்களுக்கு நடுவே அரை மணி நேரம் அசையாமல் நிற்கும் ஃபிலிமோ அத்தனை ஒளியையும் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

பேப்பர் மலிவு. ஆனால் ஃபிலிமைவிடப் பல மடங்கு மந்தமானது, சிவப்பு ஒளியும் அதற்குத் தெரியாது. ஃபிரேம் எண் பார்க்கச் சிவப்புச் சன்னல் வைத்த, 120 எனும் அகல ஃபிலிம் போடும் காமிராவில் அந்தச் சன்னலே கசிந்தாலும் பேப்பர் வெள்ளையாகத்தான் வரும்.

ரோல் சோதனைக்கு 400 ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு அளவு) கலர் நெகட்டிவ் போதும். கறுப்பு வெள்ளையில் கறை மட்டும் தெரியும். கலரில் அது வந்த திசையும் தெரியும். பின்னாலிருந்து வரும் ஒளி ஃபிலிமின் அடித்தளத்தைக் கடந்து முதலில் சிவப்பு உணரும் அடுக்கைத் தொடுவதால், பிரிண்டில் செம்மஞ்சளாக விழும். லென்ஸ் பக்கத்திலிருந்து வந்தால் பெரும்பாலும் வெள்ளை.

ரோலைப் போட்டதும் பின்கதவின் நான்கு பக்கம், கீல், தாழ்ப்பாள், கேசட் சன்னல் இருந்தால் அது, எல்லாவற்றையும் இரண்டாக மடித்த அலுமினியத் தாளால் மூடி மேலே டேப் ஒட்டுங்கள். மின்வேலை டேப் வெயிலில் பசை கக்கும் என்பதால் காகித டேப் நல்லது. லென்ஸ் மூடி போட்டே இருக்கட்டும். இனி ஒரு சமயத்தில் ஓரிடத்தை மட்டும் திறந்து, அந்தப் பக்கம் வெயிலைப் பார்க்கப் பத்து நிமிடம் வையுங்கள். முற்றத்துக் கல்தளம் சுடும், துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் வைக்க வேண்டும். பிறகு மூன்று ஃபிரேம் சுற்றிவிட்டு, திறந்ததை மூடி அடுத்த இடம். மூன்று சுற்றுவதற்குக் காரணம், கீல் பக்கக் கசிவு அப்போதைய ஃபிரேமில் நிற்காது, ஏற்கெனவே சுற்றிப்போன ஃபிரேமிலும் விழும். எந்த எண்ணில் எந்த இடம் என்று எழுதி வைக்காவிட்டால் ரோல் வீண்.

கடைசியில் ஷட்டர் திரைக்கு ஒரு ஃபிரேம்: லென்ஸ் மூடியை எடுத்து, லென்ஸின் துவாரத்தை முழுதும் திறந்து, சூரியனை விட்டு விலகிய வெளிச்சமான வானத்தை நோக்கி ஐந்து நிமிடம் வைத்து, மீண்டும் மூடி போட்ட பிறகு கிளிக் செய்யுங்கள். லென்ஸ் வழியாக அல்லாமல் தனிச் சன்னல் வழியே பார்க்கும், துணித்திரை ஷட்டர் கொண்ட ரேஞ்ச்ஃபைண்டர் காமிராக்களுக்கு இது அவசியம். லென்ஸ் வழியாகவே கண்ணாடி கொண்டு பார்க்கும் எஸ்.எல்.ஆரில் அந்தக் கண்ணாடி குறுக்கே நிற்பதால் இதில் தப்பிவிடும் ஓட்டைகளும் உண்டு.

லேபில் வெட்டாமல் கழுவி மட்டும் தரச் சொல்லுங்கள். ஸ்கேனில் ஓரம் போய்விடும், நமக்கு வேண்டியது அந்த ஓரம்தான். நெகட்டிவில் கசிவு கறுப்பாக இருக்கும். ஃபிலிம் ஓரத்துப் பல் துளைகளையும் தாண்டிப் பரவியிருந்தால் கதவு. ஃபிரேம் எல்லைக்குள்ளேயே நின்றால் ஷட்டர், லென்ஸ் பொருத்தும் இடம் அல்லது பெல்லோஸ் (மடிப்புக் காமிராவில் லென்ஸையும் உடலையும் இணைக்கும் துருத்தி). காமிராவுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால், மேல் பள்ளத்துக் கசிவு பிரிண்டில் கீழே தெரியும். பின்னாலிருந்து பார்க்கக் கீல் வலப்பக்கம் உள்ள காமிராவில் அதன் கசிவு இடது ஓரத்தில் வரும். மனத்துக்குள் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. கழுவிய சுருளை, மங்கலான பக்கம் லென்ஸைப் பார்க்க, முதல் எண்கள் சுற்றும் உருளைப் பக்கம் இருக்க, திறந்த காமிராவில் கிடத்துங்கள். கறைக்கு நேர் அருகில், ஒளி புகாமல் அடைக்கும் சீலாக ஒட்டியிருக்கும் ஃபோமைத்தான் சந்தேகிக்க வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டினாலோ, விரலில் கரியாக உதிர்ந்தாலோ அதுவே காரணம். டார்ச்சில் ‘எங்கோ ஒரு மினுக்கம்’ என்று நின்றுபோவது இங்கே மில்லிமீட்டர் கணக்கில் கிடைக்கிறது.

மடிப்புக் காமிராக்களில் மட்டும் முடிவு மாறும். பெல்லோஸ் மடிப்பு முனைகளில் விழும் ஊசித்துளைகளை, உள்ளே விளக்கு வைத்து, பெல்லோஸை நீட்டி மெல்ல அசைத்தால் கண்ணாலேயே எண்ணிவிடலாம். ரோலில் அவை ஒன்றோடொன்று கலந்த மங்கலாகத்தான் வரும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் காமிரா ஏதும் கண்ணில் பட்டு, வாங்கலாமா என்று யோசிக்கும்போதும் கைக்கு உதவுவது டார்ச்தான். அங்கே பின்கதவைத் திறந்து ஃபோமைத் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் சீல் மாற்றும் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.