கடற்கரையில் கூடார முகாம் என்று சொல்லி 28,500 ரூபாயை வாங்கிவிட்டார்கள். யாழ்ப்பாணத்து ஆட்கள் தயவுசெய்து வாசியுங்கோ

ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். இன்று செவ்வாய். மகளின் தலைமயிரில் இருந்து இன்னும் மணல் கொட்டுகிறது. 28,500 ரூபாய் இன்னும் வரவில்லை, இனி வரும் என்று எனக்கு நம்பிக்கையும் இல்லை. கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒழுங்காக எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மூச்சு விட முடியாது.

மகனுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் சாரணர் அணியில் இருக்கிறான். வீட்டில் உடுப்புக் காயப்போடும் கொடியில் ஒரு நாளைக்குப் பத்து முடிச்சுப் போடுவான், நான் அவிழ்ப்பேன். ஒரு இரவாவது கூடாரத்துக்குள் படுக்க வேண்டும் என்பது அவனுடைய ஒரு வருட ஆசை. கசூரினாவும் சாட்டியும் எங்களுக்குப் பகலில் போய்க் குளித்துவிட்டுப் பொழுது படமுதல் திரும்புகிற கரைகள். இரவு தங்க ஓர் இடம் வேண்டும் என்று தேடியபோதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. தங்குமிடங்களின் படத்தைப் போட்டுப் பதிவு செய்து கொடுக்கிற இணையத்தளம் ஒன்று. பெயர் எழுதவில்லை. முறைப்பாடு முடியும் வரை பெயர் போட வேண்டாம் என்று சட்டத்தரணியாக இருக்கும் உறவினர் சொல்லியிருக்கிறார்.

வடமராட்சி கிழக்கில் ஒரு கரை. ஊர்ப் பெயரையும் விடுகிறேன், அங்கே இருக்கும் சனத்துக்கும் இந்தத் திருட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வாகனம் போகாது, றோட்டில் இறங்கி மணலில் நடந்துதான் போக வேண்டும். ஆறு கூடாரத்துக்கு மட்டும் இடம். சவுக்கு மரம், கூடாரத்துக்குள் விளக்கு, முன்னால் கடல். சிறிய இடம், சத்தம் இல்லை, யாழ் நகரில் இருந்து பெரிய தூரமும் இல்லை. எங்களுக்காகவே செய்து வைத்தது போல இருந்தது.

போனில் கதைத்த முகாம்காரரின் குரல் இளம் குரல். எங்கள் ஊர்க் கதை. நான் வாயைத் திறக்கமுதல் அவர் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, பிள்ளையளுக்கு நீந்தத் தெரியுமோ?" என்பது. "இது கசூரினா மாதிரி ஆழமில்லாத கடல் இல்லை. கொஞ்சம் உள்ளே போனாலே ஆள் தாண்டுபோயிடும். பிள்ளையளைக் கரையில நிண்டு காலை மட்டும் நனைக்கச் சொல்லுங்கோ. எங்கட பொடியன் ஒருத்தன் பக்கத்திலயே நிப்பான், யோசிக்காதையுங்கோ." இதைக் கேட்டு நான் உருகிப் போனேன். காசு பிடுங்க வந்தவன் கடல் ஆழம் என்று சொல்லி வாடிக்கையாளரைப் பயப்படுத்துவானா? இப்படித்தான் நினைத்தேன். அந்த ஒரு பேச்சில் விழுந்தேன். இன்றைக்கும் அந்தக் குரல் காதில் கேட்கிறது, கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

கணக்கு இதுதான். கூடாரம் இரண்டு, ஒன்று 6,000 படி 12,000. தங்கவும் மலசலகூடம் பாவிக்கவும் ஆளுக்கு 1,000, ஐந்து பேருக்கு 5,000. இராச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 1,500, அது 7,500. விறகும் விளக்கும் 2,000. இரவுக் காவலுக்கு 2,000. மொத்தம் 28,500 ரூபாய். நான் சாறி பிளவுஸ் தைக்கிறவள். இந்த 28,500 இரண்டு மாதம் இரவு பதினொரு மணி வரை மெஷினில் இருந்து சேர்த்த காசு.

புதன்கிழமை பாதி கேட்டார், 14,250 அனுப்பினேன். தளத்தின் ஊடாகக் கட்டினால் அவர்கள் தரகு வெட்டுவார்கள், நேரே போட்டால் உங்களுக்கு இராச் சாப்பாட்டில் நண்டும் சேர்ப்பேன் என்றார். வங்கிக் கணக்கில் இருந்த பெயர் ஒரு பெண்ணின் பெயர். கேட்டேன். கேட்காமல் விடவில்லை. "அது என்ர மனிசியின்ர எக்கவுண்ட் அக்கா, என்ர காட் பழுதாப் போச்சு" என்றார். பின்னால் ஒரு குழந்தை அழுகிற சத்தமும் கேட்டது. சரி, குடும்பக்காரன் என்று விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் திரும்ப எடுத்து, பருத்தித்துறைச் சந்தையில் மீன் எடுக்க வேண்டும், மிச்சத்தையும் போட்டுவிடுங்கோ என்றார். மிச்சம் 14,250 போய்ச் சேர்ந்தது. பற்றுச்சீட்டு கேட்டதற்கு, "வந்தவுடன கையில தாறன் அக்கா" என்றார்.

சனிக்கிழமை நான், இவர், பிள்ளைகள் இருவர், என் தம்பி. 750ஆம் இலக்க பஸ்ஸில் பருத்தித்துறை போய், அங்கிருந்து ஓட்டோ. தண்ணீர் கொண்டுவர வேண்டாம், அங்கே தாங்கி நிரம்ப இருக்கிறது என்று அவர் சொன்னபடியால் இரண்டு போத்தல் மட்டும் கையில். றோட்டில் பொடியன் கைவண்டியோடு நிற்பான், சாமான்களை அதில் ஏற்றலாம் என்றார். மூன்றரை மணிக்கு இறங்கினோம். பொடியனும் இல்லை, வண்டியும் இல்லை. போன் அடிக்கிறது, எடுப்பார் இல்லை. அரை மணித்தியாலம் வெயிலில் நின்றோம். பிறகு தலையணை, பாய், பை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தோம். இது சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும் காலம். முதுகுப் பக்கத்தால் மணல் அள்ளி எறிகிறது. மகள் கண்ணைப் பொத்திக்கொண்டு என் சட்டையைப் பிடித்தபடி வந்தாள்.

அங்கே போனால் நாலு இடத்தில் பற்றையை வெட்டித் துப்பரவாக்கிய தடம். தகரத்தால் அடைத்த மலசலகூடம், அதற்குப் பூட்டு. கறுப்புத் தண்ணீர்த் தாங்கி ஒன்று, தட்டிப் பார்த்தால் வெறும் சத்தம். ஒரு கூடாரம் மடித்தபடி மணலுக்குள் பாதி புதைந்து கிடந்தது. ஒன்றே ஒன்று. அதன் வளைதடி ஓரிடத்தில் பிளந்து கறுப்பு ரேப் சுற்றியிருந்தது. மேலே போடும் மழை விரிப்பு இல்லை. 28,500 ரூபாய்க்கு இது!

கொஞ்சம் தள்ளி ஒரு மீன்வாடி, மீன்பிடிக்கிறவர்களின் கொட்டில். வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர் எங்களைக் கண்டு எழும்பி வந்தார். "பிள்ளை, நீங்களும் காசு கட்டிட்டுத்தான் வந்தனீங்களோ?" என்று கேட்டார். அந்த 'நீங்களும்' என்ற சொல்லில் எல்லாம் விளங்கிவிட்டது. சில மாதத்துக்கு முன்னர் இரண்டு பேர் வந்து துப்பரவாக்கி, தகரம் அடித்து, கூடாரம் போட்டுப் படமெடுத்துக்கொண்டு போனார்களாம். பிறகு அவர்களை அந்தப் பக்கம் காணவில்லை. எங்களுக்கு முதல் இரண்டு குடும்பம் இதேபோல வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது.

அப்போதே திரும்பியிருக்கலாம். மகன் அந்தக் கூடாரத்தை விரித்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு "வா போவோம்" என்று சொல்ல வாய் வரவில்லை. கூடாரத்தோடு இருந்தவை கம்பி போன்ற மெல்லிய ஆணிகள். இறுகிய தரைக்கு அவை சரி, இந்தப் பொருபொருத்த மணலில் அறைய அறையக் கழன்று வருகின்றன. அந்த ஐயாதான் நாலு பழைய உரப்பை கொண்டுவந்து தந்தார். பையில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, கூடாரக் கயிற்றை அதில் முடிந்து, முழங்கை ஆழத்தில் குழி தோண்டிப் புதைத்து மேலே மிதித்தார். கயிறு அசையவில்லை. காசு வாங்கினவன் அந்தக் கூடாரத்தோடு ஒரு நல்ல ஆணியாவது வைத்திருக்கலாம். காசே வாங்காத மனிதர் எங்களுக்காகக் குழி தோண்டினார்.

கயிறு பிடித்தது, தடி பிடிக்கவில்லை. பொழுது பட்டும் காற்று அடங்கவில்லை. எட்டரை மணிபோல ரேப் சுற்றிய இடத்தில் தடி முறிந்து, அதன் கூர் துணியைக் கிழித்துக்கொண்டு மகளின் தலைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. கண்ணில் பட்டிருந்தால்? அதை நினைத்தால் 28,500 ரூபாய் ஒன்றுமேயில்லை. பிள்ளை பயத்தில் கத்தினாள். அன்றிரவு வாடிக்குள் வலைக்குப் பக்கத்தில் படுத்தோம். ஐயாவின் வீட்டில் இருந்து பாணும் மீன் குழம்பும் வந்தது. காசு கொடுத்தோம், வாங்கவில்லை.

இனி காசு வாங்கினவனின் கதைகள். சனி இரவு பத்து மணிக்கு ஒரு செய்தி: "அக்கா நான் அவசரமா கொழும்பு வந்திட்டன், பொடியன்ர மோட்டார் சைக்கிள் பழுது." ஞாயிறு காலை: "யோசிக்காதையுங்கோ, திங்கள் வங்கி திறந்தவுடன காசு போடுறன்." திங்கள் பத்து மணிக்கு நான் எடுத்தபோது குரலே மாறியிருந்தது. காற்று அதிகமானபடியால் முகாம் ரத்தானது, காலநிலையால் ரத்தானால் காசு திருப்புவதில்லை, அது எங்கள் விதி, வேண்டுமானால் வேறொரு நாள் வாருங்கள் என்றார். எந்த விதி? யார் எனக்குக் காட்டினார்கள்? காற்றுக்காக ரத்துச் செய்திருந்தால் சனிக்கிழமை காலை ஒரு சொல் சொல்ல வாயில்லையா? ஐந்து பேர் பஸ் ஏறி வந்திருக்க மாட்டோமே! இதைக் கேட்டேன். "அக்கா, சின்னக் காசுக்கு இப்பிடிச் சத்தம் போடாதையுங்கோ" என்றார். பின்னேரத்தோடு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். என் தம்பியின் போனில் இருந்து எடுத்தோம், அதையும் தடுத்துவிட்டார்.

சின்னக் காசாம். 28,500 ரூபாய்.

இணையத்தளத்துக்கு நாலு தடவை எழுதினேன். முதல் மூன்று தடவையும் உங்கள் முறைப்பாடு எங்களுக்கு முக்கியம் என்ற ஒரே பதில், எழுத்துக்கூட மாறவில்லை. நாலாவது தடவை ஒரு பெண் எடுத்து, "மேடம், நாங்கள் இடத்தைக் காட்டுவது மட்டும்தான். காசு தளத்துக்கு வெளியே கட்டியிருக்கிறீர்கள், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை" என்றார். அப்படியானால் அந்த விளம்பரத்தையாவது எடுங்கள், இன்னொரு குடும்பம் போய் நிற்கப்போகிறது என்றேன். சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அறிவிக்கிறோம் என்றார். வங்கியில், நீங்களே விரும்பி அனுப்பிய காசை எங்களால் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைப் பதிந்து துண்டு தந்தார்கள், செய்திகளையெல்லாம் அச்செடுத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். நாளைக்குப் போகிறேன்.

நேற்று இரவு தம்பி அந்த விளம்பரப் படங்களைப் பெரிதாக்கிக் காட்டினான். ஒரு படத்தின் மூலையில் கடலுக்குப் பின்னால் ஒரு மலை. யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல் தட்டை நிலம், எங்கே இருக்கிறது இங்கே மலை? இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த எனக்கு அது கண்ணில் படவில்லை. இவர் என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

விரிவாக எழுதுவேன் என்று தொடங்கினேன். முடியவில்லை, கை ஓடுகிறது, மனம் ஓடவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் சொல்கிறேன். தளத்துக்கு வெளியே ஒரு சதமும் கட்டாதையுங்கோ. கணக்கின் பெயரும் கதைக்கிற ஆளின் பெயரும் வேறென்றால் அந்த இடத்திலேயே விடுங்கோ, என்ன காரணம் சொன்னாலும். போகமுதல் அந்த ஊரில் தெரிந்த யாரையாவது ஒருக்கால் போய்ப் பார்க்கச் சொல்லுங்கோ, நான் பருத்தித்துறையில் இருக்கும் சின்னம்மாவிடம் ஒரு போன் எடுத்திருந்தால் போதும். தாங்கி இருக்கிறது என்று யார் சொன்னாலும் குடிதண்ணீர் கொண்டுபோங்கோ. மணலில் கூடாரம் போடுவதென்றால் நாலு வெறும் உரப்பை கட்டாயம், தடியை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை உள்ளே விடுங்கோ.

இதே ஆளிடம் காசு கொடுத்தவர்கள் இருந்தால் வங்கித் துண்டையும் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கோ. நுகர்வோர் விவகார அதிகாரசபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். எனக்கு முதல் போன இரண்டு குடும்பமும் இதை வாசித்தால் தயவுசெய்து செய்தி அனுப்புங்கோ, சேர்ந்து கொடுப்போம்.

இதை எழுதும்போது திரும்பவும் போய்ப் பார்த்தேன். விளம்பரம் இன்னும் அங்கேயே இருக்கிறது. மலையோடு கூடிய அதே படம். வருகிற சனிக்கிழமைக்கு இரண்டு கூடாரம் மட்டுமே மிச்சம் என்று போட்டிருக்கிறது.