சிந்தசைசர் பட்டறைக்குப் பணம் கட்டும் முன் எந்த ஐசி சிப் என்று கேட்டுவிடுங்கள்

அக்கா பையன் ஒன்பதாவது படிக்கிறான். பழைய ரேடியோவைக் கழற்றுவது, ஸ்பீக்கரில் காந்தத்தைப் பிடுங்குவது என்று வீட்டையே ரிப்பேர் கடையாக்கி வைத்திருப்பவன். அவனுக்காகத்தான் போன மாதம் சென்னையில் நடந்த ஒரு நாள் பயிற்சிப் பட்டறைக்கு 2,800 ரூபாய் கட்டினேன். 'தொடாமலே வாசிக்கும் தெரமின், சொந்த சிந்தசைசர். நீங்களே செய்து வீட்டுக்கு எடுத்துப் போகலாம்' என்றது போஸ்டர். சிந்தசைசர் என்றால் மின்சுற்றால் ஒலியை உருவாக்கி வாசிக்கும் கருவி. தெரமின், ஆன்டெனா பக்கத்தில் கையை ஆட்டி வாசிப்பது.

போனால் முப்பதுக்கு மேல் பிள்ளைகள், ஒயரைப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் நான்கே நான்கு. அதில் ஒன்று சூடே ஆகவில்லை. மதியம் வரை ஒருவர் ஸ்லைடு போட்டு இசையின் எதிர்காலம் பேசினார். சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன், லெமன் ரைஸ் நன்றாகவே இருந்தது.

அப்புறம் ஆளுக்கொரு பாக்கெட். உள்ளே ஏற்கெனவே பற்றவைத்து முடித்த ஒரு சின்ன போர்டு. பிள்ளைகள் பற்றவைக்க வேண்டியது ஸ்பீக்கருக்கு இரண்டு ஒயர், பேட்டரிக்கு இரண்டு ஒயர். அதற்கே முக்கால் மணி நேரம் வரிசை. பட்டனை அழுத்தினால் கீச்சுக்குரலில் ஒரு பாட்டு. குமிழைத் திருகினால் சத்தம் கூடுகிறது, குறைகிறது. ஸ்வரம் மாறவே இல்லை.

"மாமா, இதுல நான் என்னத்த வாசிக்கிறது?"

போர்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். டிரான்சிஸ்டர் மாதிரி மூன்று கால், நெற்றியில் யூஎம்66. பாடும் வாழ்த்து அட்டையிலும் பொம்மையிலும் இருக்கிற மெலடி ஐசி. தொழிற்சாலையிலேயே ஒரு பாட்டைப் பதித்து அனுப்பிவிடுவார்கள், காலம் பூரா அதையே பாடும்.

நடத்தியவரிடம் கேட்டேன். "பிகினர்ஸுக்கு இதுதான் சார். தெரமின் லெவல் டூ." அதற்கு 4,500 தனியாம். போஸ்டரில் லெவல் என்ற பேச்சே இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், பாக்கெட்டைப் பிரித்துவிட்டோமாம், தர முடியாதாம். பிரிக்காமல் எதை வைத்துச் செய்வது?

அடுத்த சனிக்கிழமை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போய் 555 டைமர் ஐசி, எல்டிஆர் (வெளிச்சத்துக்கு ஏற்ப ரெசிஸ்டன்ஸ் மாறும் பாகம்), நாலைந்து ரெசிஸ்டர், கெபாசிட்டர், 8 ஓம் ஸ்பீக்கர், பற்றவைக்காமலே பாகங்களைச் செருகி இணைக்கும் பிரெட்போர்டு எல்லாம் வாங்கினோம். 300 ரூபாய்கூட ஆகவில்லை. 555 வந்தது 1972-ல். இன்றும் பிள்ளைகள் ஒலி எழுப்பிப் பழக அதைவிட லேசான வழி எனக்குத் தெரியவில்லை. கெபாசிட்டர் நிரம்பிக் காலியாகும் வேகம்தான் ஸ்ருதி. எல்டிஆர் மேல் கை நிழல் விழுந்தால் ரெசிஸ்டன்ஸ் ஏறும், கெபாசிட்டர் நிரம்ப நேரம் பிடிக்கும், ஸ்வரம் இறங்கும். முதலில் சத்தமே வரவில்லை. ஐசியின் இரண்டாவது காலையும் ஆறாவது காலையும் இணைக்க விட்டுவிட்டேன் என்று அவன்தான் கண்டுபிடித்தான். ஆன்டெனா வைத்த அசல் தெரமின் இது இல்லைதான். ஆனால் அன்று ராத்திரி பத்து மணி வரை கையை ஆட்டி ஆட்டி அக்காவின் தூக்கத்தைக் கெடுத்தான்.

ஆகவே, இந்த மாதிரி விளம்பரம் பார்த்தால் எந்த ஐசி, ஆளுக்கொரு அயர்ன் உண்டா என்று கேளுங்கள். போன முறை வந்த பிள்ளை வாசித்த வீடியோவும் கேளுங்கள். மழுப்பினால் நகர்ந்துவிடுங்கள்.

நேற்று அடுத்த பேட்சுக்கான போஸ்டர் வந்தது. நடுவில் எங்கள் பையன், வாயெல்லாம் பல்லாக. எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது சாப்பாட்டு நேரத்தில் எடுத்த படம். லெமன் ரைஸ் தட்டை மட்டும் வெட்டிவிட்டார்கள்.