எஞ்சின் ஒன்று, வண்டி மூன்று: கப் கேடட், வீல் ஹார்ஸ், ஜான் டீர் 110

பழைய கார்டன் டிராக்டர் வாங்க நினைப்பவர்கள் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் கேட்பார்கள். எத்தனை எச்.பி., உடனே ஸ்டார்ட் ஆகுமா, புகை தள்ளுமா. நான் அவர்களை வண்டியின் பின்பக்கம் கூட்டிப்போய்க் குனிந்து பார்க்கச் சொல்வேன். 1960களில் அமெரிக்காவில் ஒன்றோடொன்று போட்டி போட்ட கப் கேடட், வீல் ஹார்ஸ், ஜான் டீர் மூன்றிலும் பல மாடல்களுக்கு எஞ்சின் ஒரே இடத்திலிருந்துதான் வந்தது. விஸ்கான்சின் மாநிலத்துக் கோலர் கம்பெனி. நம் ஊரில் குளியலறைக் குழாயில் பெயர் பார்க்கிறோமே, அதே கோலர்தான். ஆகவே இந்த மூன்றையும் பிரிப்பது எஞ்சினுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த இரண்டடி.

நான் இருப்பது வட இந்தியானாவில். என் கராஜில் மூன்றும் நிற்கின்றன: 1966-ம் வருஷத்துக் கப் கேடட் 122, 1970களின் வீல் ஹார்ஸ் சி-120, 1967-ம் வருஷத்து ஜான் டீர் 110. முதல் இரண்டிலும் இருப்பது அச்சு அசலாக ஒரே 12 எச்.பி. எஞ்சின், கோலர் கே301. ஒப்பிட இதைவிட வசதியான ஜோடி கிடைக்காது. 110-ல் இருப்பது அதன் தம்பி, 8 எச்.பி. கே181.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். கடையில் இன்று மலிவாகக் கிடைக்கும் லான் டிராக்டர் புல் வெட்ட மட்டுமே. அதில் கலப்பையைக் கட்டி இழுத்தால் பின்பக்க கியர்பாக்ஸ் தாங்காது. கார்டன் டிராக்டர் என்பது மண்ணில் இறங்குகிற வண்டி. கலப்பை, ரோட்டரி டில்லர், பனி தள்ளும் பிளேடு எதை மாட்டினாலும் இழுக்க வேண்டும். ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தைய இந்த வண்டிகள் அதற்காகவே செய்யப்பட்டவை. இன்னும் இழுக்கின்றன.

எஞ்சினை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் மூன்றுக்கும் இது பொது. கே வரிசை எஞ்சின் ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிர்வது, பிளாக் முழுக்க வார்ப்பிரும்பு. வால்வுகள் ஹெட்டில் இல்லை, சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே நிற்கும். ஹெட்டைக் கழற்றினால் வெறும் ஒரு தட்டை மூடி போலக் கையில் வரும். உள்ளே படிந்த கரியைச் சுரண்டி, வால்வைத் தேய்த்து உட்காரவைத்து, புது கேஸ்கட் போட்டு மூட ஒரு சனிக்கிழமை போதும். கே301-ன் கொள்ளளவு சுமார் 476 சி.சி. புல்லட் 500 எஞ்சினுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு. பழைய புல்லட்டில் பாயிண்ட் (திறந்து மூடி, பிளக்கில் பொறி விழவைக்கும் தொடுமுனை) வைத்துப் பழகியவர்களுக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே தெரியும்.

பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம். ஆனால் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். ஃபிளைவீலை மூடியிருக்கும் தகர உறையில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். டார்ச் அடித்துக்கொண்டு ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றினால் அந்த ஓட்டையில் முதலில் 'எஸ்' குறி வரும், அப்புறம் 'டி' குறி. 'எஸ்' நடுவில் வரும் அந்த நொடியில்தான் பாயிண்ட் திறக்க வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பாயிண்டிலும் மற்றதை பாடியிலும் வைத்துப் பார்த்தால் துல்லியமாகப் பிடித்துவிடலாம். இதைச் சரியாக வைத்த கோலர் குளிர்காலத்திலும் இரண்டாவது சுற்றில் பிடிக்கும்.

போன வருஷம் ஒரு எஞ்சின் என்னை மூன்று வாரம் அலைக்கழித்தது. குளிரில் அழகாக ஸ்டார்ட் ஆகும், இருபது நிமிஷம் ஓடும், சூடானதும் ஒரு தும்மல் போட்டு நின்றுவிடும். ஆறினால் மறுபடி ஓடும். கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிக் கழுவினேன், பெட்ரோல் குழாயை மாற்றினேன். கடைசியில் பார்த்தால், பாயிண்டோடு சேர்த்துப் புதிதாக வாங்கிப் போட்ட கண்டென்சர்தான், அதாவது பாயிண்ட் கருகாமல் காக்கும் சின்ன மின்தேக்கி. குப்பையில் போட எடுத்து வைத்திருந்த பழைய கண்டென்சரைத் துடைத்து மாட்டினேன், அன்று மாலை வரை நிற்காமல் ஓடியது. புது சாமான் என்பதால் மட்டும் அதைச் சந்தேகத்திலிருந்து விலக்கக் கூடாது. பழையதை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

10 எச்.பி.க்கு மேற்பட்ட கே எஞ்சின் பலவற்றில் அதிர்வைக் குறைக்க உள்ளே பேலன்ஸ் கியர் இருக்கும். அது உடைந்தால் பிளாக்கையே ஓட்டை போட்டுவிடும். எஞ்சினை முழுதாகப் பிரிக்கும் பலர் அதை எடுத்துவிட்டே மூடுகிறார்கள். நானும் எடுத்துவிட்டேன். கொஞ்சம் கூடுதலாக அதிர்கிறது, ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வருகிறது. 110-ல் உள்ள கே181-க்கு இந்தத் தொல்லையே கிடையாது.

சரி, இனி அந்த இரண்டடிக்கு வருவோம்.

கப் கேடட்டைக் கொண்டுவந்தது இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர். அவர்களிடம் ஏற்கெனவே ஃபார்மால் கப் என்கிற சின்ன விவசாய டிராக்டர் இருந்தது. அதன் கியர்பாக்ஸ் வடிவமைப்பை அடிப்படையாக வைத்து, கென்டக்கியின் லூயிவில் ஆலையில் 1960 கடைசியில் கப் கேடட்டைச் செய்ய ஆரம்பித்தார்கள். பல்சக்கரமும் உறையும் வயலுக்கென்று யோசித்தவை. வீட்டுத் தோட்டத்துக்கு அது தேவைக்கு மேல். அந்த 'தேவைக்கு மேல்'தான் இன்று வரை இந்த வண்டிகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. முதல் மாடலில் எஞ்சினிலிருந்து பின்னால் பெல்ட் போனது. 1963-ல் வந்த 70, 100 மாடல்களிலிருந்து பெல்ட் போய் நேரடி ஷாஃப்ட் வந்தது. நடுவில் காரில் இருப்பது போலத் தட்டு கிளட்ச்.

இதை உழும்போதுதான் உணர முடியும். பத்து அங்குலக் கலப்பையை மாட்டி, வலது சக்கரங்களை முந்தைய சாலில் இறக்கி, முதல் கியரில் விட்டால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி நிதானமாகப் போகும். கெட்டி மண் வந்தால் எஞ்சின் முனகும், வேகம் விழாமல் பார்த்துக்கொள்ளும் கவர்னர் பெட்ரோலைத் திறந்து கொடுக்கும், மறுபடி இழுக்கும். வழுக்க நடுவில் எதுவும் இல்லை. நழுவினால் டயர்தான் நழுவ வேண்டும், அதற்குச் சக்கரத்தில் எடை கட்டினால் போதும்.

விலை எங்கே கொடுக்கிறோம் என்றால் கிளட்ச் வேலையில். ஷாஃப்ட்டையும் தட்டுகளையும் பிடிக்கும் சுருள் பின்கள் நாளாக ஆக ஓட்டையை அகலமாக்கிவிடும். கிளட்சை மிதித்தால் கடகடவென்று சத்தம் வரும். அதைச் சரிசெய்ய ஷாஃப்ட்டை வெளியே எடுத்தாக வேண்டும், வண்டியின் பாதியைப் பிரித்த மாதிரிதான். நான் முதல் முறை செய்தபோது இரண்டு வாரக் கடைசிகள் போயின. ஸ்டியரிங் பெட்டியிலும் ஆட்டம் பொதுவாக இருக்கும், அதை ஓரளவு இறுக்கிச் சரிசெய்யலாம்.

இன்னொரு எச்சரிக்கை. 1974-ல் தொடங்கிய 'குவைட்லைன்' வரிசையில் சத்தம் குறைய எஞ்சினை ரப்பர் மவுண்டில் உட்காரவைத்தார்கள். ஆயில் பட்டு ரப்பர் ஊறிப்போனால் எஞ்சின் கீழே இறங்கும், ஷாஃப்ட் கோணலாகும், அப்புறம் ஒவ்வொன்றாகப் போகும். முதல் வண்டியாக வாங்குகிறவர்கள் அதற்கு முந்தைய குறுகிய சட்டக வண்டிகளையே பாருங்கள். 1981-ல் ஹார்வெஸ்டர் இந்தப் பெயரை எம்டிடி கம்பெனிக்கு விற்றுவிட்டது. சேகரிப்பவர்கள் தேடுவது பெரும்பாலும் அதற்கு முந்தையவற்றைத்தான்.

வீல் ஹார்ஸ் பிறந்தது எங்கள் பக்கத்தில், சவுத் பெண்டில். 1946-ல் எல்மர் பாண்டும் மகன் செசில் பாண்டும் ஆரம்பித்தார்கள். ஸ்டுடிபேக்கர் கார் செய்த அதே ஊர். கார் ஆலை 1963 டிசம்பரில் அங்கே மூடப்பட்டது, வீல் ஹார்ஸின் சிவப்பு டிராக்டர் தொடர்ந்தது. 1974-ல் அமெரிக்கன் மோட்டார்ஸ் கைக்கும், 1986-ல் டோரோ கைக்கும் போனது.

இவர்களுடைய பலம் 'யூனி-டிரைவ்'. கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே வார்ப்பிரும்புப் பெட்டிக்குள். எஞ்சினிலிருந்து பெட்டி வரை ஒற்றை பெல்ட். கிளட்ச் பெடலை மிதித்தால் அந்த பெல்ட் தளரும், அவ்வளவுதான் கிளட்ச். எட்டு வேகம் என்பார்கள், அதில் ஆறு முன்னால், இரண்டு பின்னால். நான்கு போல்ட்டைக் கழற்றி, ஒயரையும் பெட்ரோல் குழாயையும் எடுத்துவிட்டால் எஞ்சின் கையோடு வந்துவிடும். கப் கேடட்டில் ஒரு நாள் பிடிக்கிற வேலை இங்கே காப்பி ஆறுவதற்குள் முடியும். கலப்பையும் பிளேடும் பின்னால் ஸ்பேனர் இல்லாமலே மாட்டும் கொக்கி வேறு.

நோய் இரண்டுதான். ஒன்று, கியர் குச்சியின் ரப்பர் மூடி கிழிந்தால் மழைத்தண்ணீர் நேராக கியர்பாக்ஸுக்குள் இறங்கும். வருஷக்கணக்காக வெளியே நின்ற வண்டியில் கீழே இருக்கும் பிளக்கைத் திறந்து பாருங்கள். முதலில் தண்ணீர் வரும், பிறகு பால் காப்பி நிறத்தில் ஆயில். உடனே பயந்து திரும்ப வேண்டாம். மண்ணெண்ணெய் விட்டு இரண்டு முறை அலசி, புது ஆயில் சீல் போட்டு, 90 கியர் ஆயில் ஊற்றினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். என்னுடையது அப்படிப் பிழைத்ததுதான். இரண்டாவது, பின்சக்கர ஹப் ஷாஃப்ட்டோடு துருப்பிடித்து ஒன்றாகியிருக்கும். சுத்தியலால் அடித்தால் ஹப் விரிசல் விடும். துரு இளக்கும் ஆயிலை விட்டு, ஹப்பை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரை மாட்டி இறுக்கி, அப்படியே ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். மறுநாள் காலை 'டக்' என்று ஒரு சத்தத்தோடு கழன்று வரும்.

வாங்கும்போது எஞ்சின் பெயரையும் பாருங்கள். வீல் ஹார்ஸில் கோலர் மட்டும் வரவில்லை, சில மாடல்களில் டெகும்சே, பிரிக்ஸ் எஞ்சின்களும் வந்தன. பார்ட்ஸ் கிடைப்பதைப் பார்த்தால் கோலருக்கே என் ஓட்டு.

ஜான் டீர் 110 இந்தப் போட்டிக்குத் தாமதமாக வந்தது. 1963-ல், விஸ்கான்சினில் ஹோரிக்கான் ஆலையில் செய்து இறக்கினார்கள். அந்தக் கம்பெனியின் முதல் கார்டன் டிராக்டர் இது. தாமதமாக வந்தாலும் மற்ற இருவரிடமும் அப்போது இல்லாத ஒன்றைக் கொண்டுவந்தார்கள்: ஓடும்போதே கிளட்ச் மிதிக்காமல் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியேட்டர். ஆக்டிவா, ஸ்கூட்டிக்குள் இருக்கும் சங்கதிதான், ஆனால் இங்கே அதை நாமே நெம்புகோலால் நகர்த்துகிறோம். எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட், கியர்பாக்ஸுக்கு ஒரு பெல்ட், இரண்டுக்கும் நடுவில் ஒரு புல்லி. அதன் நடுத்தட்டு இடமும் வலமும் நகரும். ஒரு பெல்ட் பள்ளத்தில் இறங்க, மற்றது மேலே ஏறும்; வேகம் மாறும். பனி தள்ளும்போது இது தரும் சுகத்தைச் சொல்லி மாளாது. குவியல் பெரிதானால் நெம்புகோலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால் போதும், எஞ்சின் அதே வேகத்தில் ஓட, வண்டி மட்டும் மெதுவாகும்.

ஆனால் இரண்டு பெல்ட், நகரும் தட்டு, அதன் பேரிங் என்று தேய்வதற்கு இடங்கள் அதிகம். பேரிங் காய்ந்துவிட்டால் வேரியேட்டர் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்ளும். உழவிலும் பெல்ட் சூடாகி நழுவுவதுண்டு, எஞ்சினும் சின்னது. இதை உழவு வண்டியாக நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

பார்ட்ஸ் விஷயத்தில் 110-க்கு ஒரு பெரிய ஆறுதல், கம்பெனியே இன்னும் பழைய மாடல்களின் பாகப் படங்களைத் திறந்து வைத்திருக்கிறது. எந்த வாஷர் எங்கே உட்காரும் என்பதை எண்ணோடு பார்த்துக்கொள்ளலாம். பிரச்சினை விலை. 1967 வரை வந்த வட்ட மட்கார்டு வண்டிகளுக்குப் போட்டி அதிகம். அதைவிட மோசம் 1969 முதல் 1971 வரை வந்த 'பேஷியோ' வண்டிகள். பச்சைக்குப் பதில் வெள்ளை உடம்பு, சிவப்பு, ஆரஞ்சு, நீலம், மஞ்சள் என்று பானெட். அன்று கடைகளில் தேங்கி நின்றதால் பலவற்றுக்குப் பச்சை அடித்து விற்றிருக்கிறார்கள். அதனால் அசல் நிறத்தோடு இருப்பவற்றுக்கு இன்று கேட்கிற விலையைக் கொடுத்து வாங்கினால், அதை மண்ணில் இறக்க மனசு வராது. எனக்கு அது உதவாது.

இந்த மூன்றைத் தாண்டியும் நல்ல வண்டிகள் உண்டு. அல்லிஸ்-சால்மர்ஸ் பி-1 என்று ஆரஞ்சு அல்லது மஞ்சளில் வருவது உள்ளே சிம்ப்ளிசிட்டி வண்டிதான், இரண்டு பெயரிலும் தேடுங்கள். கேஸ் வண்டிகள் முழுக்க ஹைட்ராலிக் மோட்டாரில் ஓடுபவை. முரட்டு பலம், ஆனால் முதல் வண்டியாக வேண்டாம். கிரேவ்லி தனி உலகம், அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

கையில் எடுத்துப் பழக முதல் வண்டி வேண்டும் என்று கேட்டால் என் பதில் கோலர் பூட்டிய எட்டு வேக வீல் ஹார்ஸ். தப்பு செய்தால் மன்னிக்கும், மறுபடி பிரிக்கச் சோம்பல் வராது. கால் ஏக்கர் காய்கறித் தோட்டத்தை வருஷா வருஷம் உழப்போகிறவர் கப் கேடட்டைத் தேடட்டும், கிளட்ச் வேலைக்கு ஒரு வாரக் கடைசியை ஒதுக்கி வைத்துக்கொண்டு. உழவே இல்லை, புல்லும் பனியும்தான் என்றால் 110 மேல் உட்கார்ந்து பாருங்கள், இறங்கமாட்டீர்கள். மூன்றுமே வேண்டும் என்று தோன்றினால் அது இயல்புதான், கராஜின் அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்துக்கு நிறுத்தும்போது டாங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் இருப்பது தீரும் வரை ஓடவிடுங்கள். இங்கே பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால். நான்கு மாதம் அப்படியே நின்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் சின்னத் துளையான ஜெட்டில் பச்சையாகப் பாசி மாதிரி பிடித்துக்கொள்ளும். பின் டயர் சந்தேகத்துக்கு இடமாகக் கனமாக இருந்தால் பழைய ஆள் எடைக்காக கால்சியம் குளோரைடு தண்ணீர் நிரப்பியிருப்பார், அது ரிம்மைத் தின்றுவிடும். வாங்குவதற்கு முன் வால்வைச் சுற்றித் துரு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் கப் கேடட் 100 ஒன்றைப் பார்க்கப் போகிறேன். இருபது வருஷமாக ஓடவில்லையாம். டார்ச், மல்டிமீட்டர், ஒரு ஜாக், பின் சக்கரத்துக்கு அண்டைகொடுக்க இரண்டு கட்டை, அந்தப் பழைய கண்டென்சர், எல்லாம் பையில் ஏறிவிட்டன.