டோக்கியோவில் ஜாமீன் இல்லாமல் ஒரு வீடு: யூஆர் குடியிருப்பில் ஒன்றரை வருடம்

டோக்கியோவுக்கு வந்த புதிதில் கம்பெனி ஏற்பாடு செய்த தற்காலிக அறையில் இருந்தோம். நான், கணவர், இரண்டு வயது மகள். ஒரு மாதம்தான் கெடு, அதற்குள் வீடு பார்த்துவிட வேண்டும்.

முதலில் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு தரகர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண் மரியாதையாகப் பேசினார், டீ கொடுத்தார். பிடித்த வீட்டைக் காட்டினால் உடனே போனில் கேட்பார். அந்தப் பேச்சில் 'கைகோகுஜின்' என்ற சொல் வரும். வெளிநாட்டவர் என்று அர்த்தம். அது வந்த கொஞ்ச நேரத்தில் போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்துத் தலை குனிவார். நான்கு வீடு இப்படியே போனது. ஜப்பான் நீதி அமைச்சகம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டவர்களில் 39.3 சதவீதம் பேர் அந்த ஒரே காரணத்துக்காக மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள் என்று பிறகு படித்தேன். அன்றைக்கு எங்கள் மேல்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

ஐந்தாவது வீட்டில் சரி என்றார்கள். வாடகை 1,20,000 யென். கணக்குப் போட்ட தாளைப் பார்த்ததும் கணவர் பேசவே இல்லை. முன்பணம் ஒரு மாதம், 'ரெய்கின்' ஒரு மாதம், தரகு வரியோடு 1,32,000, ஜாமீன் நிற்கும் கம்பெனிக்கு அரை மாத வாடகை, முதல் மாத வாடகை, பூட்டு மாற்ற, தீ காப்பீடு என்று கிட்டத்தட்ட 6 லட்சம் யென். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டாலும் காலி செய்யும்போது கழித்தது போக மீதி கைக்கு வரும். ரெய்கின் வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் நன்றிப் பணம், கொடுத்தால் கொடுத்ததுதான்.

வேண்டாம் என்று வந்துவிட்டோம். அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் சேலத்து அண்ணன் ஒருவர்தான், "யூஆர் பாரும்மா, நிஷி-கசாய் பக்கம் நம்ம ஆளுங்க நிறையப் பேர் அதுலதான் இருக்காங்க" என்றார்.

யூஆர் அரசு சார்ந்த நிறுவனம். 1955இல் தொடங்கிய வீட்டுவசதிக் கழகத்தின் வழியில் வந்தது. நாடு முழுக்கச் சுமார் 7 லட்சம் வாடகை வீடுகள் வைத்திருக்கிறது. ரெய்கின் இல்லை, தரகு இல்லை, ஜாமீன் இல்லை, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிப்புக் கட்டணமும் இல்லை. முன்பணம் இரண்டு மாத வாடகை, குடிவரும் மாதத்துக்கு நாள் கணக்கில் வாடகையும் பொதுப் பராமரிப்புக் கட்டணமும். அவ்வளவுதான்.

எனக்கு மனசு நிறைந்தது இந்தச் சேமிப்பால் மட்டும் இல்லை. யாருக்கு வீடு என்பதை எண்ணாக எழுதி வைத்திருக்கிறார்கள். குடும்பத்துக்கு வாடகை 82,500 யென்னுக்குக் கீழே என்றால் மாத வருமானம் அதைப் போல நான்கு மடங்கு, அதற்கு மேலே 2 லட்சம் வரைக்கும் 3,30,000 இருந்தால் போதும். வருமானம் போதாவிட்டால் சேமிப்பைக் காட்டலாம், அல்லது ஒரு வருடத்துக்கோ அதற்கு மேலோ வாடகையை மொத்தமாகக் கட்டலாம். நடுத்தர, நீண்ட கால விசாவோடு வசிப்பிட அட்டை (ரெசிடென்ஸ் கார்டு) வைத்திருப்பவர் யாரும் விண்ணப்பிக்கலாம். யார் முதலில் வருகிறாரோ அவருக்கு வீடு. சென்னையில் வீடு தேடியபோது "நீங்க என்ன ஆளுங்க, கவிச்சி சமைப்பீங்களா?" என்ற கேள்விக்கு வாசலில் நின்று பதில் சொன்னவள் நான். இங்கே சம்பளச் சான்றைப் பார்த்தார்கள், முத்திரை வைத்தார்கள், சாவி கொடுத்தார்கள். வெளியே வந்து மகளைத் தூக்கிக்கொண்டு அழுதுவிட்டேன்.

எங்களுடையது ஒன்பதாவது மாடி, 48 சதுர மீட்டர், தோசாய் மெட்ரோ லைனில், நகர நடுவில் அலுவலகங்கள் நிறைந்த ஓதேமாச்சிக்குக் கால் மணி நேரம். கட்டடம் பழையது, ஆனால் சுவர் கெட்டி, மேல்வீட்டுச் சத்தம் கேட்பதில்லை. பால்கனியில் நாள் முழுக்க வெயில், வற்றல் கூடக் காய வைக்கிறேன்.

அப்புறம், தெரிந்துகொண்டு வர வேண்டிய சில. ஜப்பானில் வாடகை வீடு பெரும்பாலும் வெறும் வீடுதான். கூரையில் விளக்கு மாட்டும் வட்டக் கொக்கி மட்டும் இருக்கும், விளக்கை நாம்தான் வாங்க வேண்டும். எங்களுக்கு அது தெரியாது, முதல் ராத்திரி போன் வெளிச்சத்தில்தான் சாப்பிட்டோம். கேஸ் அடுப்பும் நாம்தான் வாங்க வேண்டும். அடுப்பில் ஒட்டியிருக்கும் சீட்டில் 12ஏ, 13ஏ என்று இருந்தால் டோக்கியோவின் குழாய் கேஸுக்குச் சரி, சிலிண்டர் கேஸ் அடுப்பு வேறு. பெரிய தீ இடப்பக்கமா வலப்பக்கமா என்றும் கேட்டு வாங்குங்கள், அது சுவரை ஒட்டி வரக் கூடாது. நடுவில் மீன் சுட ஒரு தட்டறை இருக்கும். அதில் கத்தரிக்காய் சுட்டால் தோல் அப்படியே உரிந்து வரும், துவையலுக்கு அருமை. கேஸ் திறந்துவிட ஆள் வரும்போது நாம் வீட்டில் இருந்தாக வேண்டும்.

விமான நிலையத்திலிருந்து நேராக இங்கே வர முடியாது. வார்டு அலுவலகத்தில் முகவரி பதிந்து, குடியிருப்புச் சான்று வாங்கிய பிறகுதான் விண்ணப்பம். அதனால் ஒரு மாதத்துக்காவது தற்காலிக இடம் வேண்டும். ஒப்பந்தம் ஜப்பானிய மொழியில் இருக்கும், மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். வாடகை குறைவாகப் போட்டிருக்கும் பழைய ஐந்து மாடிக் கட்டடங்கள் பலவற்றில் லிப்ட் கிடையாது. கைக்குழந்தை இருந்தால் இதைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது அளவு டேப் ஒன்று கொண்டுபோங்கள். ஜன்னலின் உயரம், வாஷிங் மெஷின் நிற்கும் இடத்தின் அகலம், பிரிட்ஜ் நுழையும் கதவு, மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். சாவி வாங்கிய அன்றே சுவரில் உள்ள ஆணி ஓட்டை, தரையில் உள்ள கீறல் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்துவிடுங்கள். எங்களிடம் 63 படம் இருக்கிறது.