சரிவு மனை: மண்ணை வெட்டுவதா, கடைக்காலைப் படியாக இறக்குவதா?

கோத்தகிரிப் பக்கம் ஐந்து சென்ட் மனை வாங்கியவர், அறைகளின் அளவைப் பேசத் தொடங்குமுன், சரிவை வெட்டிச் சமமாக்கிக் கட்டுவதா அல்லது சரிவை அப்படியே விட்டுக் கடைக்காலை, அதாவது அஸ்திவாரத்தை, படிப்படியாக இறக்குவதா என்று முடிவு செய்தாக வேண்டும்.

வெட்டிக் கட்டினால் வீடு முழுவதும் ஒரே மட்டமாக அமையும். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இது பெரிய வசதியே. தொல்லை எங்கே வருகிறதென்றால், மேற்புறம் வெட்டிய மண்ணைக் கீழ்ப்புறம் கொட்டி மனையை அகலப்படுத்தும்போதுதான். வெட்டிய பக்கம் இருப்பது நெடுங்காலம் இறுகிய மண். கொட்டிய பக்கத்து மண் மழைக்கு மழை அமுங்கிக்கொண்டே போகும். வீட்டின் பாதி ஒன்றிலும் மீதி மற்றொன்றிலும் நின்றால், சன்னல் மூலையில் கிளம்பிச் சாய்வாக மேலேறும் விரிசல், எத்தனை முறை பூசினாலும் மறுபடி வாய் திறக்கும். பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் பெற வேண்டும்.

அடுத்த செலவு தடுப்புச் சுவர். 3 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் முழு உயரத்திற்கும் நீர் தேங்கினால், நீர் மட்டுமே ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 4.5 டன் விசையுடன் தள்ளும். மண்ணின் தள்ளல் தனி. 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்திப் பகுதிகளில் சரிந்த மண்ணை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

படிக்கடைக்காலுக்கு வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டுவது பெரும்பாலும் கைவேலை. ஆகவே கூலியும் நாளும் கூடும், பக்கத்து மனையில் பொக்லைன் இரண்டே நாளில் வேலையை முடித்துவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டும். ஒவ்வொரு படியின் அடியும் மட்டமாக இருக்க வேண்டும், சரிவோடு சாய்ந்திருக்கக் கூடாது. தூண் வைத்துக் கட்டினால், மேற்புறத்துக் குட்டைத் தூண்களே நிலநடுக்க விசையை அதிகம் ஏற்கும் என்பதால், கம்பிக் கணக்கைக் கட்டமைப்புப் பொறியாளரிடமே விட வேண்டும். வீட்டுக்குள் நான்கைந்து படிகள் வருவதைத் தவிர்க்க முடியாது.

சரிவு மிதமாக இருந்து, வெட்டிய பக்கத்து இறுகிய மண்ணின் மீதே வீடு முழுவதும் நிற்குமானால் நான் வெட்டுவதையே ஏற்பேன். செங்குத்தான மனையில் படிக்கடைக்காலைத்தான் தேர்வேன். தடுப்புச் சுவர் எழுப்பியே ஆக வேண்டுமென்றால், பின்புறம் ஜல்லி நிரப்பி, நீர் வடியத் துளைகள் விட்டு, முதல் ஐப்பசி மழையில் அவற்றை நேரில் பார்க்க வேண்டும். தெளிந்த நீர் வடிந்தால் சரி; செந்நிறமாகக் கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது; அடைமழையிலும் உலர்ந்திருந்தால் துளை அடைத்திருக்கக்கூடும், அன்றே கம்பி விட்டுக் குத்திப் பார்க்க வேண்டும்.